கால்டுவெல் நிறுத்திய இடம்: திருநெல்வேலிச் சரித்திரம் ஒரு மறுவாசிப்பு

கால்டுவெல் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்தான். 1856-இல் வெளிவந்த அந்த நூலைக் கையில் எடுத்துப் பார்க்காதவர்கள்கூட அதன் பெயரைச் சொல்லிவிடுவார்கள். 1968-இல் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்ததும் அந்தத் தமிழ்ப் பணியைப் போற்றித்தான். ஆனால் அதே மனிதர் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1881-இல், வேறொரு பெரிய நூலையும் எழுதினார். அது திருநெல்வேலி மாவட்டத்தின் வரலாறு. சென்னை அரசாங்க அச்சகம் அதை வெளியிட்டது. சுமார் நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, எண்பதுகளில், அதை மறுபதிப்புச் செய்தது நம்ம தில்லியில் உள்ள ஒரு பதிப்பகம் என்பது இங்குள்ள தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

நூலின் முழுத் தலைப்பு மிக நீளமானது. அதைத் தமிழில் சொன்னால், ஆதிகாலம் முதல் கி.பி. 1801-இல் ஆங்கில அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது வரை, சென்னை மாகாணத்துத் திருநெல்வேலி மாவட்டத்தின் அரசியல், பொது வரலாறு என்று வரும். இந்தத் தலைப்பில் இருக்கும் ‘1801 வரை’ என்ற சொற்களைப் பற்றித்தான் இக்கட்டுரை பேச விரும்புகிறது. ஒரு சரித்திர ஆசிரியர் எங்கே தொடங்குகிறார் என்பதைவிட எங்கே நிறுத்துகிறார் என்பதைப் பார்த்தால், அரசியல் என்று அவர் எதைக் கருதினார் என்பது விளங்கிவிடும்.

நூலின் பெருமை

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். சும்மா சொல்லக்கூடாது, இது சாதாரண உழைப்பு அல்ல. 1814-இல் அயர்லாந்தில் பிறந்து, 1838-இல் சென்னைக்கு வந்து, 1841 முதல் இடையன்குடியின் செம்மணல் தேரிக்காட்டில் வாழ்ந்தவர் கால்டுவெல். 1877-இல் பிஷப் ஆனார். 1891-இல் கொடைக்கானலில் காலமாகி, இடையன்குடியிலேயே அடக்கம் செய்யப்பட்டார். சுற்றுப்பயணத்தில் வந்து குறிப்பெடுத்துக்கொண்டு போன துரை அல்ல அவர். நாற்பது ஆண்டுகள் அந்த மண்ணில் வாழ்ந்த பிறகே இந்த நூலை எழுதினார்.

பாண்டியரின் பழைய துறைமுகமான கொற்கையில் அவரே முன்னின்று அகழாய்வு செய்தார். மார்க்கோ போலோ குறிப்பிடும் ‘காயல்’ எது என்ற கேள்விக்குத் தாமிரபரணி முகத்துவாரத்தை நேரில் பார்த்து விடை தேடினார். போர்த்துகீசியர், 1658-இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர், முத்துக்குளிப்பு, மதுரை நாயக்கர்கள், ஆற்காட்டு நவாபு என்று சிதறிக் கிடந்த செய்திகளை ஒரே நூலுக்குள் வரிசைப்படுத்தினார். பின்னால் வந்தவர்கள், 1917-இல் மாவட்ட கெசட்டியர் எழுதிய பேட் துரை உட்பட, இந்த நூல் போட்ட பாதையிலேதான் நடந்தார்கள்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கால்டுவெலின் திருநெல்வேலி இன்றைய திருநெல்வேலி மாவட்டம் அல்ல. 1986-இல் பிரிந்த தூத்துக்குடி, 2019-இல் பிரிந்த தென்காசி, இன்று விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதிகள் எல்லாம் அதில் அடக்கம். ஆகவே தில்லியில் வசிக்கும் நம் குடும்பங்களில் பலவற்றுக்கு இது சொந்த ஊர்ச் சரித்திரம்.

யாருடைய காகிதம்?

நூலின் உயிர்நாடி பாளையக்காரர் போர்களைச் சொல்லும் பகுதி. 1755-இல் கர்னல் ஹெரானும் மாபூஸ் கானும் தெற்கே படையெடுத்து வந்தது, நெற்கட்டும்செவல் பூலித்தேவர் எதிர்த்து நின்றது, யூசுப் கான் என்ற கான்சாகிபு கம்பெனிக்காகப் போரிட்டுப் பின்னர் அதே கம்பெனியை எதிர்த்து 1764-இல் தூக்கிலிடப்பட்டது, 1783-இல் புல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியைப் பிடித்தது, 1799-லும் 1801-லும் நடந்த இரண்டு பாஞ்சாலங்குறிச்சிப் போர்கள் என்று கதை விறுவிறுப்பாகவே போகிறது.

ஆனால் இந்தக் கதைக்குச் சாட்சி சொல்பவர்கள் யார் என்று பாருங்கள். கம்பெனியின் போர்களை எழுதிய ஆர்ம், படைத் தலைவர் புல்லர்ட்டன், மேஜர் பானர்மன், இளம் அதிகாரியாகப் போரில் கலந்துகொண்டு 1830-இல் நினைவுக் குறிப்புகள் வெளியிட்ட வெல்ஷ் ஆகியோர். எல்லாரும் கோட்டைச் சுவருக்கு வெளியே இருந்த கம்பெனித் தரப்பார். சுவருக்கு உள்ளே இருந்தவர்களின் காகிதம் ஒன்றும் அதில் இல்லை. இருந்திருந்தாலும் கோட்டையோடு சேர்ந்து தரைமட்டமாகியிருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1799 அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் தூக்குமேடைக்கு நடந்தபோது கட்டபொம்மன் கொஞ்சமும் கலங்கவில்லை. கம்பெனிக்கு உதவிய பாளையக்காரர்களை ஏளனமாகப் பார்த்துக்கொண்டே போனார். இந்தச் செய்தி நமக்கு எப்படித் தெரியும்? தூக்கிலிட உத்தரவிட்ட பானர்மனே தம் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில் பதிவு செய்ததால்தான். 1959-இல் வந்த படத்தின் கடைசிக் காட்சியைப் பார்த்துக் கண்ணீர் விட்ட நாம், அந்தக் கம்பீரத்துக்கு ஆதாரம் எதிரியின் கடிதம் என்பதை அறிந்திருக்கவில்லை. ஊமைத்துரையைப் பற்றியும் அப்படியே. வாய் பேசாத அந்த மனிதரை அவர் மக்கள் எப்படித் தெய்வமாக மதித்தார்கள் என்பதை வியந்து எழுதியவர் வெல்ஷ். சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டதாக எழுதியவரும் அவரே. எதிரியின் காகிதத்திலும் உண்மை இருக்கும். ஆனால் அவன் கண்ணில் பட்ட உண்மை மட்டும்தான் அதில் இருக்கும்.

கண்ணில் படாததற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். பாளையக்காரர்கள் ஊர்களிலிருந்து காவல் பணம் வாங்கினார்கள். தேசகாவல், ஸ்தலகாவல் என்று அதில் வகைகள் இருந்தன. மாடோ தானியமோ களவு போனால் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஈடு கட்ட வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. கம்பெனி அதிகாரிகள் இதைக் கொள்ளை என்றே எழுதினார்கள். பாளையக்காரரிடம் கம்பெனி வாங்கிய தொகைக்கு மட்டும் பேஷ்குஷ் என்று மரியாதையான பெயர் இருந்தது. இரண்டு பணமும் கடைசியில் அதே கரிசல் காட்டுச் சம்சாரியின் கம்பிலிருந்தும் பருத்தியிலிருந்தும்தான் வந்தது. காவல் பணத்தில் அநியாயம் நடக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை. நிறையவே நடந்தது. ஆனால் ஒன்றை அநியாயம் என்றும் இன்னொன்றை ஆட்சி என்றும் பிரிப்பது யார் கணக்கு என்று கேட்க வேண்டும். கால்டுவெல் அதைக் கேட்கவில்லை. கம்பெனியின் கணக்கே அவர் கணக்காகிவிட்டது.

கலகம் ஏன் வந்தது என்பதற்கும் அவர் தரும் விளக்கம் பெரும்பாலும் பாளையக்காரரின் அடங்காத குணம்தான். மேற்கே மறவர் பாளையங்கள், கிழக்கே நாயக்கர் பாளையங்கள் என்று அவர் பிரித்துக் காட்டுவது சரியே. ஆனால் கிழக்கே பாஞ்சாலங்குறிச்சி எதிர்த்தபோது பக்கத்து எட்டயபுரம் கம்பெனியோடு நின்றதே, அது எப்படி? குலத்தையும் குணத்தையும் மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. 1985-இல் டேவிட் லட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் திருநெல்வேலி விவசாயிகளின் வரலாற்றை எழுதியபோது முதலில் மண்ணைப் பார்த்தார். தாமிரபரணிப் பாசனத்து நஞ்சை, கிழக்கிலும் வடக்கிலும் வானம் பார்த்த புஞ்சை, மலையடிவாரத்தில் இரண்டும் கலந்த நிலம் என்று பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் அதிகாரம் எப்படி வெவ்வேறாக அமைந்தது என்று காட்டினார். பாளையங்கள் வேரூன்றியது ஏன் ஆற்றங்கரையை விட்டு விலகிய நிலங்களில் என்பது அப்போதுதான் புரிகிறது. ஆற்றங்கரையில் கோயிலும் மிராசும் வைத்திருந்த அதிகாரத்தை, புஞ்சைக் காட்டில் கோட்டையும் காவலும் வைத்திருந்தன.

1801-இல் ஏன் முற்றுப்புள்ளி?

இனி விஷயத்துக்கு வருவோம். 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரையும் மற்றவர்களும் தப்பினார்கள். இடித்துப் போட்டிருந்த பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டை சில நாட்களிலேயே மறுபடி எழுந்தது. மார்ச் 31-இல் கம்பெனிப் படையின் தாக்குதல் தோற்றது. மே 24-இல்தான் கோட்டை விழுந்தது. ஜூலை 31-இல் கர்நாடகத்து நவாபு ஆட்சி முழுவதும் ஒப்பந்தத்தின்படி கம்பெனி கைக்கு வந்தது. அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். நவம்பரில் ஊமைத்துரையின் உயிரும் போயிற்று. டிசம்பரில் ஆயுதம் வைத்திருக்கத் தடை வந்தது. 1802 பிப்ரவரியில் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள்.

கால்டுவெலின் அரசியல் வரலாறு 1801-இல் முடிந்துவிடுகிறது. பாளையக்காரர் ஜமீன்தார் ஆனார், பெயரோடு சுபாவமும் மாறிவிட்டது என்று அவர் நிம்மதியோடு எழுதுகிறார். சண்டை ஓய்ந்தது, ஆகவே அரசியலும் ஓய்ந்தது என்பது அவர் கருத்து.

ஓய்ந்ததா? அரசியல் கோட்டையிலிருந்து கச்சேரிக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். கச்சேரி என்றால் நமக்கு மார்கழிச் சங்கீதம். அந்தக் காலத்துக் குடியானவனுக்குக் கலெக்டர் கச்சேரி. 1802-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1803-இல் ஜமீன்களுக்கு நிரந்தரமாகத் தொகை நிர்ணயிக்கப்பட்டது. முன்பு விளைச்சல் பொய்த்தால் பாளையக்காரனிடம் முறையிடலாம், சண்டை போடலாம், ஊரைக் காலி செய்து அடுத்த பாளையத்துக்குப் போகலாம். இப்போது கிஸ்தி தேதி தவறினால் ஏலம். ஜமீன்தாரும் அதற்குப் பயந்தார். அந்தப் பயத்தை அப்படியே சம்சாரியின் தலையில் இறக்கினார். வழக்கு, மனு, பட்டா, எல்லைக்கல், கோயில் மரியாதை என்று சண்டையின் ஆயுதங்கள் மாறினவே தவிர, சண்டை நிற்கவில்லை. இந்த ஜமீன்கள் ஒழிய 1948-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் கால்டுவெல் அறியாதவரா? அதுதான் கேள்வி. பனையேறும் மக்களின் நடுவே வாழ்ந்தவர் அவர். 1849-இலேயே அவர்களைப் பற்றித் தனி நூல் எழுதினார். அந்த நூல் அச்சமூகத்தாரின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. தங்களைப் பற்றி என்ன எழுதப்படுகிறது என்பதற்காக மக்கள் எழுந்து வாதாடியதும் அரசியல்தானே? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தை அவர் நேரில் பார்த்தவர். மூன்று ஆண்டுகள் கழித்து வந்த நூல் இது. ஆனால் 1801-இல் கோடு போட்டுவிட்டதால், பஞ்சத்துக்கு அந்த அரசியல் கதைக்குள் வர வழியே இல்லாமல் போயிற்று. உயிரோடு இருந்த மக்களைச் சாதி வழக்கம் சொல்லும் நூலில் வைத்தார். மறைந்துபோன அரசர்களைச் சரித்திரத்தில் வைத்தார். இந்தப் பிரிவினைதான் நூலின் அடிப்படைக் குறை என்பது என் துணிபு.

இது கால்டுவெலின் சொந்தக் குறை மட்டும் அல்ல. 1868-இல் நெல்சனின் மதுரை, 1879-இல் ஸ்டூவர்ட்டின் திருநெல்வேலி என்று மாவட்டக் கையேடுகள் வந்துகொண்டிருந்த காலம் அது. படிக்கப் போகிறவர்கள் கலெக்டர்கள். அவர்களுக்கு வேண்டியது, இந்த ஜில்லா நம் கைக்கு எப்படி வந்தது என்ற கதை. வந்த பிறகு நடப்பதற்குச் சரித்திரம் என்று பெயர் இல்லை, நிர்வாகம் என்று பெயர்.

அவர் மறைந்த பிறகு நடந்தவற்றைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1895-இல் கழுகுமலையில் தேர் ஊர்வலப் பாதைக்காகக் கலவரம். 1899-இல் சிவகாசியில் கோயில் நுழைவை ஒட்டிப் பெருங்கலவரம். 1908-இல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தமும், வ.உ.சி.யும் சிவாவும் கைதானபோது மார்ச் 13-இல் திருநெல்வேலியில் எழுந்த மக்கள் எழுச்சியும். அந்த வ.உ.சி. 1872-இல் பிறந்த ஓட்டப்பிடாரம் எங்கே இருக்கிறது? பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்திலேயே. கால்டுவெல் இந்த நூலை எழுதிக்கொண்டிருந்தபோது, அடங்கிவிட்டது என்று அவர் நம்பிய அந்த வட்டாரத்தில் அந்தச் சிறுவன் திண்ணைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான்.

நம்ம பக்கத்துக் கதைகள்

சரி, வெள்ளைக்காரர் எழுதியது அப்படி, நாம் எழுதியது எப்படி? கட்டபொம்மு, கான்சாகிபு, பூலித்தேவன் மீது கதைப்பாடல்கள் மக்களிடையே வழங்கி வந்தன. பேராசிரியர் நா. வானமாமலை அவற்றைத் தேடிப் பதிப்பித்தது பெரிய தொண்டு. கோட்டைக்கு உள்ளே இருந்தவர்களின் குரல் கொஞ்சமாவது கேட்பது அங்கேதான். ஜெகவீரபாண்டியனாரும் ம.பொ.சி.யும் கட்டபொம்மனை வீரனாக மீட்டெடுத்தார்கள். 1971-இல் பேராசிரியர் கே. ராஜய்யன் 1800-1801 கிளர்ச்சியை முதல் சுதந்திரப் போர் என்றே வாதிட்டு நூல் எழுதினார். மருது சகோதரர் 1801 ஜூன் 16-இல் வெளியிட்ட பிரகடனம் எல்லாச் சாதியாரையும் முஸ்லிம்களையும் சேர்த்து விளித்ததை அவர் எடுத்துக்காட்டியது முக்கியமானது.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். கால்டுவெல் கொள்ளைக்காரன் என்ற இடத்தில் நாம் தியாகி என்று எழுதினோம். கதையின் தொடக்கத்தையும் முடிவையும் மாற்றவில்லை. நம் கதையும் 1801-லேயே நின்றது. 1974-இல் பாஞ்சாலங்குறிச்சியில் அரசு நினைவுக் கோட்டை கட்டியது. நல்ல காரியம்தான். ஆனால் அந்தக் கோட்டையைச் சுற்றியிருந்த காடுகளில் உழுதவர்கள், அடுத்த நூறு வருஷம் கிஸ்தி கட்டியவர்கள், கட்ட முடியாமல் இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறியவர்கள் ஆகியோருக்கு இரண்டு தரப்பாரின் நூலிலும் இடம் இல்லை. ஊரை விட்டுப் போவதும் ஓர் அரசியல் முடிவுதான். அது நமக்குத் தெரியாதா என்ன?

தில்லியிலிருந்து பார்த்தால்

இந்த நூலைத் தில்லியில் இருந்து படிக்கும்போது இன்னொரு விஷயம் உறைக்கிறது. 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டார். அதே ஆண்டு டிசம்பர் 12-இல் இங்கே தர்பாரில் தலைநகரம் தில்லிக்கு மாறும் என்று அறிவித்தார்கள். 1858 முதல் பஞ்சாபோடு சேர்ந்திருந்த தில்லி 1912 அக்டோபர் 1 முதல் தனி மாகாணமாயிற்று. ரைசினா, மால்ச்சா போன்ற கிராமங்களின் நிலம் 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்டது. 1931-இல் புது தில்லி திறக்கப்பட்டது.

நம்மில் எத்தனையோ பேர் செக்ரடேரியட்டில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கியவர்கள். அந்தக் கட்டடங்களைக் கட்டிய லட்யன்ஸ், பேக்கர் பெயர்கள் நமக்குத் தெரியும். அங்கே உழுதுகொண்டிருந்தவர்கள் யார், எங்கே போனார்கள் என்று நம் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வோம்? மால்ச்சா இப்போது ஒரு சாலையின் பெயர். பாஞ்சாலங்குறிச்சியின் பெயரையும் ஆவணங்களிலிருந்தே நீக்கக் கம்பெனி முயன்றது. தில்லியின் சரித்திரமும் தலைநகரம் அறிவித்த நாளிலிருந்து கட்டடங்களின் சரித்திரமாகிவிட்டது. கிராமத்தின் கதை அந்த இடத்தில் அறுந்துபோனது. தெற்கே 1801-இல் நடந்ததற்கும் வடக்கே 1912-இல் நடந்ததற்கும் அளவில் வித்தியாசம் உண்டு. எழுதப்பட்ட விதத்தில் வித்தியாசம் இல்லை.

நம் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி ஒரு குறை கேட்கிறோம். பள்ளிப் பாடங்களில் 1857 வருகிறது, 1801 வருவதில்லை, தெற்கை மறந்துவிட்டார்கள் என்று. நியாயமான குறைதான். ஆனால் பாடத்தில் 1801-ஐச் சேர்த்துவிட்டால் மட்டும் போதுமா? அப்போதும் இன்னொரு கோட்டை, இன்னொரு தூக்குமேடை, இன்னொரு தேதி என்றே பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். தங்கள் பூட்டனாரின் ஊரில் நிலம் யார் கையில் இருந்தது, கோயில் தேரை இழுக்க யாருக்கு உரிமை இருந்தது, யாருக்கு இல்லை, குடும்பம் ஏன் ஊரை விட்டுக் கிளம்பியது என்ற கேள்விகள் அவர்களுக்கு வராது.

ஆகவே கால்டுவெலைத் தூக்கி எறியவும் வேண்டாம், கும்பிட்டு அலமாரியில் வைக்கவும் வேண்டாம். படியுங்கள். கொற்கை முதல் கயத்தாறு வரை அவர் கொடுத்ததை நன்றியோடு வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே கதைப்பாடல்களையும் ராஜய்யனையும் லட்டனையும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பக்கம் வந்ததும் மூடிவிடாமல், 1801-க்கு மறுநாள் அந்த ஊரில் என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள். விடையில் ஒரு பகுதி சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கும். இன்னொரு பகுதி நம் வீட்டுப் பரணிலேயே, தாத்தாவின் தகரப் பெட்டியில், பழைய பட்டாவாகவோ கிஸ்தி ரசீதாகவோ ஈடு எழுதிய பத்திரமாகவோ இருக்கலாம். இந்த வருஷம் லீவுக்கு ஊருக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டே அதைத் திறக்கச் சொல்லுங்கள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க அவர்களுக்கு அதைவிட நல்ல பாடப் புத்தகம் கிடைக்காது.